பாங்காக் டூரில் புலிக்குட்டியோடு படம்: ஏஜென்டுகளிடம் எதைக் கேட்பது?

பள்ளத்தூர் மீனா:

காரைக்குடியிலிருந்து தை மாதம் கிளம்பும் பாங்காக் டூருக்கு நோட்டீஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் பங்காளி வீடுகளில் பாதிப்பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்: "புலிக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம், பெரிய புலியின் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்கலாம், கட்டணம் தனி."

இந்த மாதிரி இடங்களில் குட்டிகளைப் பிறந்த இரண்டு மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். அப்போதுதான் ஆள் கைக்குப் பழகும், தாயும் சீக்கிரம் மறுபடி சினைப்படும். மடியில் வைத்துப் படம் எடுக்கச் சில மாதம்தான் தோதுப்படும். பல்லும் நகமும் வலுத்தபின் அது பின்கட்டுக் கூண்டுக்குப் போய்விடும். அங்கே எத்தனை கூண்டு, என்ன தீனி என்பதெல்லாம் டிக்கெட் வாங்குகிறவர் கண்ணில் படாது.

ஊர் ஏஜென்டுகளுக்கு ஒரு கடிதம், ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி ஒரு மனு, அப்புறம் அந்தப் புலிகளை மீட்கக் கொஞ்சம் நிதி. இதுதான் என் யோசனை. என்ன சொல்கிறீர்கள்?

முகப்புத் திண்ணை:

போட்டோதானே எடுக்கிறோம், தோலையா உரிக்கிறோம்? பணம் கட்டியாச்சு ஆச்சி. என் பேரன் புலி படம் போட்ட சட்டையே வாங்கி வைத்துவிட்டான்.

சிராவயல் திடல்:

மீனா ஆச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பிராணி நலம் பேசுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் சர்க்கஸ் சிங்கம் என்றார்கள், நாமும் பாவம் என்று தலையாட்டினோம். பிறகு அதே பட்டியலில் நம் காளையைச் சேர்த்தார்கள். தொழுவில் கட்டி, பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் கொடுத்துப் பிள்ளை மாதிரி வளர்க்கிற மாடும், சாட்டையடிக்குப் பயந்து ஸ்டூலில் ஏறுகிற சிங்கமும் ஒன்றா? பொங்கலுக்கு மஞ்சுவிரட்டு இல்லாமல் திடல் வெறிச்சென்று கிடந்ததை நீங்கள் யாராவது வந்து பார்த்தீர்களா? இன்றைக்குப் புலிக்குக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு அந்தக் காகிதம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

தேவகோட்டை வக்கீல்:

திடல் அண்ணன் சொல்வதில் நடந்த விஷயம் சரிதான். தேதிகளை மட்டும் வைத்துவிடுகிறேன், பிறகு சண்டை போட வசதியாக இருக்கும்.

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, சில விலங்குகளைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கலாம். 1998 அக்டோபரில் வந்த அறிவிக்கையில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இருந்தன. சர்க்கஸ்காரர்கள் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள், 2000இல் தோற்றார்கள். உச்ச நீதிமன்றமும் 2001 மே மாதம் தடையை உறுதி செய்தது. 2011 ஜூலையில் அந்தப் பட்டியலில் காளையும் ஏறியது. ஜல்லிக்கட்டைத் தடுத்த உச்ச நீதிமன்றத்தின் 2014 மே 7 தீர்ப்பு வந்தது அதை வைத்துத்தான். 2017இல் ஜல்லிக்கட்டை அனுமதிக்க நாம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தோம், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. மஞ்சுவிரட்டும் வடமாடும் அதில் சேர்த்திதான், பயப்பட வேண்டாம்.

ஆச்சிக்கு ஒரு வார்த்தை. நம் சட்டம் எதுவும் தாய்லாந்துப் புலியைத் தொடாது. இங்கே ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு யாருக்கு அனுப்புவீர்கள்? சிவகங்கை ஆட்சியருக்கா? ஆட்சியர் அதைப் படித்துவிட்டு அவர் கையெழுத்தையும் போட்டுத் திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான்.

பள்ளத்தூர் மீனா:

வக்கீல் தம்பி, மனு வேண்டாம் என்றால் நிதி? யூடியூபில் பார்க்கிறோமே, எலும்பும் தோலுமாக ஒரு சிங்கம், அதை மயக்க ஊசி போட்டுத் தூக்கிவந்து ஆறு மாதத்தில் பிடரி மயிரோடு காட்டுகிறார்கள். ஒரு சிங்கத்தையாவது அப்படிக் காப்பாற்ற நம் ஊர்ப் பணம் போகட்டுமே.

ஊசி டாக்டர்:

நான் கால்நடை மருத்துவர். இப்போது பார்ப்பதெல்லாம் மாடும் ஆடும்தான். முன்பு சில வருடம் ஒரு மீட்பு மையத்தில் சிங்கம் புலிகளோடு இருந்தேன். அதனால் இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கவனிப்பில்லாத கூண்டுப் புலி என்றால் மெலிந்த புலி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பல சமயம் அது குண்டாகக்கூட இருக்கும். பார்க்க வேண்டியது கால். காட்டில் புலி எலும்பையும் ஈரலையும் சேர்த்துத் தின்னும். கூண்டில் செலவைக் குறைக்க வெறும் கோழிக்கறியை, அதுவும் எலும்பை எடுத்துவிட்டுப் போடுவார்கள். கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். இரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவும். வளர்கிற குட்டிக்கு இது நேர்ந்தால் கால் வளையும், முதுகெலும்பு அமுங்கும், பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடக்கும். அந்தக் கட்டத்தில் நாங்கள் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் வளைந்த எலும்பு நிமிராது.

அடுத்தது தரை. சிமெண்டுத் தரை, கழுவிவிட்ட ஈரம், அதிலேயே படுக்கை. பாதம் வெடிக்கும், முழங்கையில் காய்ப்புக் காய்த்துப் புண்ணாகும், வயதானால் மூட்டு பிடித்துக்கொள்ளும். கம்பியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பல் உடைந்து சீழ் வைத்திருக்கும். வலியில் தின்னாது, "புலி சாப்பிடமாட்டேன் என்கிறது" என்று சொல்வார்கள். அப்புறம் அந்த நடை. ஒரே தடத்தில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, நாள் முழுக்க. பெரிய இடத்துக்குக் கொண்டுவந்த பிறகும் பழைய கூண்டின் அளவுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்த ஒரு பெண் சிங்கத்தை நான் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் புல்லும் மரமும்தான், ஒரு கம்பி கிடையாது.

இப்போது ஆச்சி கேட்ட நிதி விஷயம். 2001க்குப் பிறகு நம் சர்க்கஸ்களிலிருந்து நூற்றுக்கணக்கில் சிங்கமும் புலியும் வந்தன. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வண்டலூர், பன்னேர்கட்டா, திருப்பதி, விசாகப்பட்டினம், ஜெய்ப்பூர் என்று மையங்கள் அமைத்து வைத்தது. அந்தச் சிங்கங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கச் சிங்கமும் கிர் சிங்கமும் கலந்த கலப்பினம். குட்டி போட விடக் கூடாது. காட்டிலும் விட முடியாது, அதற்கு வேட்டையும் தெரியாது, மனிதன் மேல் பயமும் கிடையாது. ஆக, சாகும்வரை சோறு போட வேண்டும். தினம் 6 முதல் 10 கிலோ வரை இறைச்சி, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. கூண்டுச் சிங்கம் 20 வயதுவரைகூட இருக்கும். குட்டியாக ஒன்றை மீட்டால் உங்கள் பேரன் கல்லூரி முடிக்கும்வரை மாதாமாதம் செலவு வரும். வீடியோக்காரர் காட்டுவது லாரியில் ஏற்றும் நாளை மட்டும்தான்.

இன்னொன்று. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த மடம் இருந்தது, புலிக்கோயில் என்றே பெயர். நம் ஊர் டூர்களும் அங்கே போனதுண்டு. 2016இல் அரசு உள்ளே புகுந்து மொத்தம் 147 புலிகளை எடுத்துப்போனது. உறைபெட்டியில் குட்டிகளின் உடல்கள் கிடந்தன. உலகமே கைதட்டியது. 2019 செப்டம்பரில் பார்த்தால் அந்த 147இல் 86 செத்துப்போயிருந்தன. நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே பெருக்கியதால் எதிர்ப்புச் சக்தி இல்லை, நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் வைரஸ் வந்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். கொண்டுபோன இடத்தில் கூண்டுகள் சின்னவை, அடுத்தடுத்து நெருக்கமாக இருந்தன என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டுமே காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் கணக்கு.

முகப்புத் திண்ணை:

டாக்டர், இவ்வளவு சொன்னீர்கள். வெள்ளைப் புலி அரிய இனம், அதைக் காப்பாற்றத்தானே வளர்க்கிறார்கள்? நோட்டீஸில் வெள்ளைப் புலிக்கு மட்டும் கட்டணம் கூட.

ஊசி டாக்டர்:

அது தனி இனமே இல்லை அண்ணே. சாதாரணப் புலியில் ஒரு மரபணுக் கோளாறு. 1951இல் ரேவா பக்கம் காட்டில் பிடித்த மோகன் என்ற ஆண் குட்டியை அதன் மகளோடேயே சேர்த்துத்தான் வெள்ளைக் குட்டிகளை எடுத்தார்கள். இன்று கூண்டில் இருக்கிற வெள்ளைப் புலிகள் பெரும்பாலும் அந்த வம்சம். மாறுகண் இருக்கிறதா என்று அடுத்த முறை உற்றுப் பாருங்கள், நிறைய இருக்கும். அதைப் பெருக்குவதால் காட்டுப் புலிக்கு ஒரு நன்மையும் கிடையாது.

ஹூஸ்டன் கோட்டையூரான்:

இங்கே இருந்து ஒரு கதை. லூசியானாவில் ஐ-10 நெடுஞ்சாலையில் லாரிகள் டீசல் போடும் ஒரு நிறுத்தத்தில் டோனி என்று ஒரு புலி. டீசல் புகை, இன்ஜின் சத்தம், வருகிறவர் போகிறவர் எல்லாம் கூண்டுக்கு முன்னால் நின்று வேடிக்கை. அதை மீட்க அமெரிக்கா முழுக்க ஆதரவு இருந்தது. வக்கீல்கள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள், சில கட்டத்தில் ஜெயித்தும் காட்டினார்கள். 2014இல் அந்த மாநிலச் சட்டமன்றம் அந்த ஒரு உரிமையாளருக்காகவே விலக்குக் கொடுத்துச் சட்டம் போட்டுவிட்டது. 2017 அக்டோபரில், 17 வயதில், அந்தக் கூண்டிலேயே டோனி செத்தது. பிறகு அதே இடத்தில் ஒட்டகம் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஆனால் அந்தச் சத்தமெல்லாம் வீண் போகவில்லை என்றும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. தனியார் வீட்டில் புலி சிங்கம் புதிதாக வாங்கி வளர்க்கக் கூடாது, பொதுமக்கள் குட்டியைத் தொட்டுப் படம் எடுக்கக் கூடாது. தொடுவதை நிறுத்தினால் குட்டிக்கு விலை போகாது, விலை போகாவிட்டால் பெருக்கமாட்டார்கள். அதனால் மீனா ஆச்சி, மூன்று யோசனையில் உங்கள் முதல் யோசனைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நிதியை விடுங்கள்.

சிராவயல் திடல்:

கோட்டையூர் தம்பி எழுதியதையும் டாக்டர் எழுதியதையும் படித்தேன். டாக்டர் சொன்ன அந்தப் பெண் சிங்கம் மனதை என்னவோ செய்துவிட்டது, மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். குன்றக்குடி சுப்புலட்சுமி நம் கண்முன்னே இருந்த யானை. திருவிழாவுக்குத் திருவிழா அதன் துதிக்கையில் காசு வைத்தோம், ஆசீர்வாதம் வாங்கினோம். 2024 செப்டம்பரில் கொட்டகையில் தீப்பிடித்துக் காயம்பட்டுச் செத்தது. ஊரே அழுதது. அழுததற்கு முன்னால் அந்தக் கொட்டகைக் கூரை எதனால் வேய்ந்திருக்கிறது என்று நம்மில் ஒருத்தராவது அண்ணாந்து பார்த்தோமா? பாங்காக் புலிக்கு மட்டும் கடிதமா?

பள்ளத்தூர் மீனா:

இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆத்தங்குடி ஆச்சி:

உயிரோடு இருக்கிற புலியைப் பற்றிப் பேசுகிறீர்கள், செத்த புலியைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். எங்கள் வளவில் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன ஐயா காலத்துப் புலித்தோல் ஒன்று தலையோடு மாட்டியிருக்கிறது. போன வாரம் ஒருவர் வந்து, பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவில் நல்ல விலைக்கு எடுப்பார்கள், கொடுத்துவிடுங்கள் என்றார். கொடுக்கலாமா?

தேவகோட்டை வக்கீல்:

ஐயையோ, கொடுக்காதீர்கள் ஆச்சி! விற்றவர், வாங்கியவர், தூக்கிப்போனவர் எல்லோரும் மாட்டுவார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி முதல் அட்டவணை. தோல், நகம், பல் எதையும் விற்க முடியாது. உரிமைச் சான்று இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அப்போதும் விற்க முடியாது. வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். சான்று இல்லாதவர்கள் கணக்குக் கொடுக்க 2003இல் 180 நாள் அவகாசம் விட்டார்கள். ஐயா பெயரில் ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று முதலில் பெட்டகத்தைத் துழாவுங்கள். கிடைப்பதை எடுத்துக்கொண்டு தெரிந்த வக்கீல் ஒருவரை நேரில் பாருங்கள். இந்த வந்துபோன நபரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

நெறியாளர்:

புலித்தோல், மான்கொம்பு, யானைத்தந்தம் பற்றித் தனி இழை திறந்திருக்கிறேன். நிறைய வீடுகளில் இந்தப் பிரச்சினை இருப்பதாகத் தெரிகிறது. இங்கே டூர் விஷயத்தைத் தொடருங்கள்.

பயணம் நடத்துகிறவன்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் காரைக்குடியில் டூர் நடத்துகிறேன். நீங்கள் சொல்லும் நோட்டீஸ் என்னுடையது இல்லை, ஆனால் என் நோட்டீஸிலும் அதே புலி இருக்கிறது. தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள்.

இந்தத் திட்டத்தை நாங்கள் எழுதுவதில்லை. பாங்காக்கில் பஸ், ஹோட்டல், கைடு ஏற்பாடு செய்கிற ஒரு கம்பெனி இருக்கிறது. ஐந்து நாள் நிகழ்ச்சியை அவர்கள்தான் அனுப்புவார்கள். நாங்கள் தமிழில் போட்டு, "தென்னிந்தியச் சாப்பாடு உண்டு" என்று மேலே சேர்ப்போம். புலிப் பூங்காவில் வண்டி நின்றால் தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கமிஷன். அதனால்தான் தலைக்கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். ரத்தினக்கல் கடையில் இறக்கிவிடுகிறார்களே, அதே கணக்குத்தான்.

நான் எழுதிக் கேட்டால் அந்த இடத்தை எடுத்துவிடுவார்கள், அது பெரிய காரியமில்லை. ஆனால் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை காலியாக இருக்கும். நாற்பது பேரை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார முடியாது. கையெழுத்து மனு எங்களை ஒன்றும் செய்யாது, உண்மையைச் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் பத்துப் பேர் போன் போட்டு "புலி இருந்தால் நாங்கள் வரவில்லை" என்றால் அன்றைக்கே மாற்றிவிடுவேன். பணம் கட்டின பிறகு சொன்னால் "நீங்கள் மட்டும் கீழே இறங்காதீர்கள்" என்பேன்.

பள்ளத்தூர் மீனா:

இதுதான் எனக்கு வேண்டியிருந்தது, நன்றி. கடிதம் ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"வாயில்லா ஜீவன்களின் கண்ணீரைத் துடைக்கும் புனிதப் பணியில் தாங்களும் பங்குகொண்டு, தங்கள் பயணத் திட்டத்தில் இடம்பெறும் விலங்குகளைக் கொடுமைப்படுத்தும் அனைத்து நிகழ்ச்சிகளையும் உடனடியாக நீக்குமாறு..."

தேவகோட்டை வக்கீல்:

ஆச்சி, இதைப் படித்தால் அந்த மனுஷனுக்கு நன்கொடை ரசீது வரப்போகிறது என்ற பயம்தான் வரும். கண்ணீரை எடுத்துவிடுங்கள். "கொடுமைப்படுத்தும்" என்பதையும் எடுங்கள், அவர் தான் கொடுமைக்காரன் இல்லை என்று நிரூபிக்கக் கிளம்பிவிடுவார். ஒரே ஒரு காரியம் கேளுங்கள், அதையும் தேதியோடு கேளுங்கள். மாதிரிக்கு:

"தை மாதப் பயணத்துக்கு எங்கள் குடும்பங்களிலிருந்து ஆட்கள் வர இருக்கிறோம். மூன்றாம் நாள் காலையில் உள்ள புலிப் பூங்கா நிகழ்ச்சியை நீக்கி, வேறொன்றைச் சேர்த்தால் முன்பணம் கட்டுகிறோம். பார்வையாளர் புலியையோ குட்டியையோ தொட்டுப் படம் எடுக்கிற எந்த இடமும் எங்களுக்கு வேண்டாம். மார்கழிப் பிள்ளையார் நோன்புக்குள் பதில் சொல்லுங்கள். மாற்று நிகழ்ச்சியாக நாங்கள் விரும்புவது..."

அந்த இடத்தில் என்ன போடுவது என்று ஊசி டாக்டரும் டூர்காரரும் பேசிக்கொள்ளட்டும்.

பயணம் நடத்துகிறவன்:

ஆற்றில் படகு, அருண் கோயில், அப்புறம் சிலோம் மாரியம்மன் கோயில். தமிழர்கள் கட்டின கோயில் என்றால் நம் ஆட்கள் இரண்டு மணி நேரம் என்ன, நாலு மணி நேரம் நிற்பார்கள். செலவும் குறைவு.

ஊசி டாக்டர்:

நல்லது. கடிதத்தில் "சரணாலயம் என்று பெயர் வைத்திருந்தாலும்" என்ற சொற்களைச் சேர்த்துவிடுங்கள் வக்கீல். இப்போது எல்லாப் பூங்காவும் அந்தப் பலகையைத்தான் மாட்டுகிறது. உண்மையான மீட்பு இடத்தில் குட்டி போட விடமாட்டார்கள், தொட விடமாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். குட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும். வருடம் முழுக்க எப்போது போனாலும் குட்டி இருக்கிற இடம், குட்டி செய்கிற தொழிற்சாலை.

ஆச்சிக்கு நிதி கொடுத்தே தீர வேண்டும் என்றால் வண்டலூரில் தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறது. ஒரு விலங்கின் தீனிச் செலவைக் குறிப்பிட்ட காலத்துக்கு நீங்கள் ஏற்கலாம். 2021 ஜூனில் கொரோனா வந்து நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாபன் என்ற ஆண் சிங்கமும் அங்கே இறந்தன, பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். மிச்சமிருந்த சிங்கங்களுக்கு வாரக்கணக்கில் மருந்து, தனித் தீனி, கண்காணிப்பு. அந்த மாதிரிச் செலவுக்கு யாரும் வீடியோ போடமாட்டார்கள்.

முகப்புத் திண்ணை:

கோயில் சரி. பேரனை யார் சமாதானம் பண்ணுவது? வண்டலூருக்குக் கூட்டிப்போகிறேன், தூர நின்று பார்க்கட்டும். செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.

சிராவயல் திடல்:

அதே நோட்டீஸை நானும் வாங்கிப் பார்த்தேன். நாலாம் நாள் மாலை யானைச் சவாரி என்று போட்டிருக்கிறதே, அதை ஒருத்தரும் வாயே திறக்கவில்லை?

பயணம் நடத்துகிறவன்:

அதில் கை வைத்தால் ஆள் குறையும் அண்ணே. புலிக்குப் பயப்படுகிறவர்கள் பாதிப்பேர், யானை என்றால் பாட்டி முதல் பேத்திவரை ஏறுவார்கள்.

தேவகோட்டை வக்கீல்:

ஒரு கடிதத்தில் ஒரு காரியம். புலி போகட்டும், யானையை அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்வோம்.

சிராவயல் திடல்:

குன்றக்குடி பக்கத்திலிருந்து போகிற கடிதத்தில் யானை இல்லையென்றால் என் பெயரைப் போடாதீர்கள். யானையும் இருந்தால் எங்கள் தெருவில் டூருக்குப் பெயர் கொடுத்த எல்லோரிடமும் நானே போய்க் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

பள்ளத்தூர் மீனா:

வக்கீல் தம்பி, யானைக்கு ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். திடல் அண்ணன் தெருவில் எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் டூர்காரர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

சிராவயல் திடல்:

இப்போதைக்குப் பதினோரு பேர். மச்சான் வீட்டைச் சேர்த்தால் கூடும்.

பயணம் நடத்துகிறவன்:

பதினொன்றா? இன்றைக்கு இரவே பாங்காக்குக்கு எழுதிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.